சிறுத்தை முதலில் வாக்குச்சீட்டில்தான் வந்தது

2024 ஏப்ரல் 14. ஒரு மாணவர் விடுதியில் அண்ணல் பிறந்தநாள் கூட்டம். என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஐந்தே நாளில், 19ஆம் தேதி, தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. பேசி முடித்துவிட்டுக் கேட்டேன்: "எத்தனை பேர் ஓட்டுப் போட ஊருக்குப் போறீங்க?" பாதிக் கைகூட எழும்பவில்லை. பின்னால் நின்ற ஆராய்ச்சி மாணவர் ஒருவர் சொன்னார்: "அண்ணே, எவன் வந்தாலும் சேரி சேரியாத்தான் இருக்கு. நாங்க சிறுத்தையை நம்புறோம், சீட்டை நம்பல."

எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கும் அந்தப் பேச்சு பிடித்துத்தான் இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் சிறுத்தைப் படம் ஒட்டியிருந்தது. "இந்தச் சிறுத்தை முதன்முதலா எங்க வந்துச்சு தெரியுமா தம்பி?" என்றேன். "ஓக்லாந்துல. கறுப்புச் சட்டை, தொப்பி, துப்பாக்கி" என்றார். பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அன்று நேரமில்லாமல் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுசாக எழுதுகிறேன். இது அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பு மக்கள் ஓட்டுரிமைக்காகச் செத்த கதை. அந்த மக்களிடம் தேர்தல் காலத்தில் போய்ச் சேர்ந்த கல்லூரிப் பிள்ளைகளின் கதையும்கூட. அவர்கள் செய்த நல்லதும் கெட்டதும் இரண்டும் நமக்கு வேண்டும்.

1

மிசிசிப்பி பருத்தி விளையும் மாநிலம். 1960களின் தொடக்கத்தில் அங்கே நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் கறுப்பர்கள். ஆனால் 1964இல்கூட ஓட்டுப் போடத் தகுதியான வயதுள்ள கறுப்பர்களில் பட்டியலில் பேர் இருந்தது நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு, 6.7 சதவீதம். சட்டத்தில் கறுப்பனுக்கு ஓட்டு இல்லை என்று எங்கேயும் எழுதவில்லை. 1870இலேயே அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து ஓட்டுரிமை கொடுத்தாகிவிட்டது. பறித்ததெல்லாம் அலுவலக வாசலில்தான்.

பேர் சேர்க்கப் போனால் 21 கேள்வி கொண்ட படிவம் தருவார்கள். மாநில அரசியல் சட்டத்தில் ஏதாவது ஒரு பிரிவைக் காட்டி, பார்த்து எழுது, அர்த்தம் சொல் என்பான் வெள்ளைக்கார எழுத்தர். பதில் சரியா தப்பா என்று முடிவு செய்வதும் அவன்தான். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த கறுப்பர்கூட இதில் தோற்றுப்போவார். எழுதப் படிக்கத் தடுமாறும் வெள்ளைக்காரன் தேறிவிடுவான். 1962இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். பேர் சேர்க்க விண்ணப்பித்தவன் பெயரை உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வாரம் போட வேண்டும். எதற்கு? பண்ணைக்காரன் பார்க்கட்டும், கடன் கொடுத்தவன் பார்க்கட்டும், முகமூடி போட்ட க்ளான் கும்பல் பார்க்கட்டும் என்றுதான். இதெல்லாம் போக ஓட்டு வரி வேறு.

படிவத்தில் குறை சொல்லி விரட்டுவது, பேரை ஊரறியச் சொல்லிப் பயமுறுத்துவது, கூலியை நிறுத்துவது. இந்த மூன்றும் நமக்குத் தெரியாததா?

1960இல் மாணவர்கள் அங்கே ஒரு அமைப்பு கண்டார்கள். மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு என்று பேர், சுருக்கமாக 'ஸ்நிக்' என்பார்கள். எல்லா பேக்கர் என்ற அனுபவம் மிக்க கறுப்புப் பெண் முன்னின்று கூட்டிய மாநாட்டில் உருவானது. உணவகங்களில் வெள்ளையர் மட்டும் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து அடி வாங்கிய பிள்ளைகள் அவர்கள். அந்த வருஷம் பாப் மோசஸ் என்ற இளைஞர் மிசிசிப்பிக்குப் போனார். ஹார்வர்டில் முதுகலை படித்தவர், நியூயார்க்கில் கணக்கு வாத்தியார். கிளீவ்லாண்ட் என்ற ஊரில் அம்சி மூரைச் சந்தித்தார். மூர் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர், உள்ளூர்க்காரர். உணவகத்தில் உட்காருவது எங்களுக்கு இப்போ பெரிசில்லை, ஓட்டுக்கு ஆள் கொண்டுவா என்று மூர் சொன்னார். வரைபடத்தை விரித்து வைத்து எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் என்று காட்டினார். படித்துவிட்டு வந்தவர் கேட்டுக்கொண்டார். இந்தக் கதையில் எனக்கு முதலில் பிடித்த இடம் இது. என்ன செய்யணும் என்று தீர்மானித்தது அங்கேயே வாழ்ந்த மனுஷன்.

1961இல் மோசஸ் மெக்கோம் பகுதியில் வேலையைத் தொடங்கினார். அவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனவர் ஹெர்பர்ட் லீ, ஒன்பது பிள்ளைகளுக்குத் தகப்பன், விவசாயி. செப்டம்பர் 25ஆம் தேதி பட்டப்பகலில், பருத்தி அரைவை ஆலை முன்னால், சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே அவரைச் சுட்டுக் கொன்றார். நடந்த ஊரின் பேர் லிபர்ட்டி. தமிழில் சொன்னால் சுதந்திரம். தற்காப்புக்குச் சுட்டார் என்று மறுநாளே விட்டுவிட்டார்கள். மிரட்டலுக்குப் பயந்து அப்படியே சாட்சி சொன்ன லூயிஸ் ஆலன் என்ற கறுப்பர் மனசு கேட்காமல் பிறகு உண்மையைச் சொன்னார். 1964 ஜனவரி 31 இரவு, ஊரைவிட்டுப் போக மூட்டை கட்டியிருந்தவரை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுப் போட்டார்கள்.

மோசஸ் உயிரோடு இருந்தார். லீ செத்தார், ஆலன் செத்தார். படித்துவிட்டு வெளியிலிருந்து வந்தவரை நம்பிக் கதவைத் திறந்தவர்கள் செத்தார்கள். கல்லூரியிலிருந்து கிராமத்துக்குப் போகிற ஒவ்வொருவரும் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2

ஃபேனி லூ ஹேமர் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. இருபது பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். ஆறு வயதில் பருத்தி பொறுக்கப் போனவர். கறுப்பரும் ஓட்டுப் போடலாம் என்பதே 44 வயதில், 1962 ஆகஸ்டில், கோயிலில் நடந்த ஸ்நிக் கூட்டத்தில்தான் அவருக்குத் தெரியவந்தது. ஆகஸ்ட் 31ஆம் தேதி 18 பேர் ஒரு பழைய பஸ்ஸில் இண்டியானோலா என்ற ஊருக்குப் பேர் சேர்க்கப் போனார்கள். தேர்வில் தோற்கடித்தார்கள். திரும்பும்போது போலீஸ் பஸ்ஸை நிறுத்தி, பஸ் ரொம்ப மஞ்சளாக இருக்கிறது என்று அபராதம் போட்டது. சிரிக்காதீர்கள், அதுதான் குற்றச்சாட்டு. பயத்தில் உறைந்த அந்தப் பஸ்ஸில் அந்த அம்மா பாட ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்தால் பண்ணைக்காரன் காத்திருந்தான். போய் பேரை வாபஸ் வாங்கு, இல்லேன்னா வெளியே போ. பதினெட்டு வருஷம் உழைத்த பண்ணை. நான் உனக்காகப் போய்ப் பேர் கொடுக்கவில்லை, எனக்காகக் கொடுத்தேன் என்ற அர்த்தத்தில் பதில் சொல்லிவிட்டு அன்று இரவே வெளியேறினார். பத்து நாள் கழித்து அவர் தங்கியிருந்த வீட்டின் மேல் குண்டு பாய்ந்தது. விடவில்லை. 1963 ஜனவரியில் தேர்வில் தேறினார். ஓட்டுப் போடப் போனபோது ஓட்டு வரி ரசீது எங்கே என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த வருஷம் ஜூனில் வினோனா சிறையில் அடித்த அடி அவர் உடம்பை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

3

1963 நவம்பரில் ஸ்நிக்கும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். உண்மையான தேர்தலில் எங்களை விடமாட்டீர்கள், சரி, நாங்களே தேர்தல் நடத்துகிறோம் என்று கோயில்களிலும் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் பெட்டி வைத்தார்கள். கறுப்பர் ஆரன் ஹென்றி ஆளுநர் பதவிக்கு வேட்பாளர். ஏறக்குறைய 80,000 பேர் ஓட்டுப் போட்டார்கள். கறுப்பனுக்கு ஓட்டில் அக்கறை இல்லை என்ற பொய் அதோடு உடைந்தது. யேல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களிலிருந்து சில பத்து வெள்ளை மாணவர்கள் அப்போது உதவிக்கு வந்திருந்தார்கள். அவர்கள் வந்ததும் பத்திரிகைக்காரன் வந்தான், புலனாய்வு அதிகாரி வந்தான். அதுவரை கறுப்பர்கள் செத்தபோது வராதவர்கள்.

அடுத்த கோடையில் ஆயிரம் மாணவர்களைக் கூப்பிடலாமா என்று கிரீன்வில் என்ற ஊரில் கூடிப் பேசினார்கள். கடுமையான சண்டை. உள்ளூர்க் கறுப்பு இளைஞர்கள் பலர் வேண்டாம் என்றார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் வேகமாகத் தட்டச்சு செய்வார்கள், இங்கிலீஷில் வெளுத்துக்கட்டுவார்கள், இரண்டு வாரத்தில் அலுவலகம் அவர்கள் கைக்குப் போய்விடும். இப்போதுதான் நம்ம ஆள் ஒருத்தன் நடுங்கிக்கொண்டே மனு எழுதப் பழகியிருக்கிறான், அவன் எழுந்து ஓரமாக நின்றுகொள்வான் என்றார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. பின்னால் நடந்ததும் அதுதான். ஃபேனி லூ ஹேமர் போன்றவர்கள் வரட்டும் என்றார்கள். பிரித்து வைக்கிறவனை எதிர்க்கும் நாமே பிரித்து வைக்கக் கூடாது என்பது அவர் வாதம். லூயிஸ் ஆலன் கொலைதான் கடைசியில் மோசஸை முடிவெடுக்க வைத்தது. நாம் சாவது நாட்டுக்குத் தெரியவில்லை, அவர்கள் வந்தால் தெரியும்.

இதில் எவ்வளவு கசப்பு இருக்கிறது பாருங்கள். நம் உயிருக்கு மதிப்பு வர, மதிப்புள்ள உயிர் ஒன்று நம் பக்கத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. நம்ம ஊரில் உண்மை அறியும் குழு வருகிறபோது, அதில் பெரிய பேர் யார் இருக்கிறார் என்று சேரியில் முதலில் விசாரிப்பார்கள். அதே கணக்குத்தான்.

4

1964 ஜூனில் ஒஹையோ மாநிலத்து மகளிர் கல்லூரி ஒன்றில் மாணவர்களுக்குப் பயிற்சி. அடித்தால் தலையை எப்படிக் காப்பது, வயிற்றை எப்படி மடக்குவது என்று கற்றுக்கொடுத்தார்கள். ஜாமீனுக்கு 500 டாலர் கையோடு கொண்டுவரச் சொன்னார்கள். அந்தப் பணம் புரட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் வந்தார்கள். மத்திய அரசின் நீதித்துறை அதிகாரி வந்து, உங்களுக்குப் பாதுகாப்பு தர எங்களால் ஆகாது என்று மேடையிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

முதல் அணி மிசிசிப்பி போன மறுநாள், ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை. க்ளான் கும்பல் எரித்த கோயில் ஒன்றைப் பார்க்கப் போன மூன்று பேர் திரும்பவில்லை. ஜேம்ஸ் சேனி, 21 வயது, அந்த மாநிலத்துக் கறுப்பர். ஆண்ட்ரூ குட்மன், 20 வயது, நியூயார்க்கின் குயின்ஸ் கல்லூரி மாணவர். மைக்கேல் ஷ்வெர்னர், 24 வயது. பின்னவர் இருவரும் வெள்ளை யூதர்கள். வேகமாக வண்டி ஓட்டினார்கள் என்று பிடித்து வைத்த துணை ஷெரீப், இரவில் விடுவித்து, கொலைகாரர்களிடம் சேர்த்துவிட்டான். 44 நாள் கழித்து ஆகஸ்ட் 4ஆம் தேதி மண் அணைக்கட்டு ஒன்றின் அடியில் உடல்கள் கிடைத்தன. பயிற்சியில் இருந்த இரண்டாம் அணியிடம் மோசஸ் செய்தியைச் சொன்னார். விருப்பமில்லாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். பெரும்பாலோர் போகவில்லை.

தேடும்போது ஆற்றில் வேறு இரண்டு கறுப்பர்களின் உடல்கள் அகப்பட்டன. சார்லஸ் மூர், ஹென்றி டீ. இருவருக்கும் 19 வயது. மே மாதமே கொன்று வீசியிருந்தார்கள். மூர் அல்கார்ன் கல்லூரி மாணவர். அவர்களை யாரும் தேடவில்லை. தேடியது வேறு ஆட்களை என்று தெரிந்ததும் நாடு அவர்களை மறந்தது. அந்தக் கொலைக்கு ஒருவன் தண்டனை பெற்றது 2007இல். சேனி, குட்மன், ஷ்வெர்னர் வழக்கில் மிசிசிப்பி மாநிலம் தன் சட்டப்படி முதல் முறையாக ஒருவனைத் தண்டித்தது 2005இல், 41 வருஷம் கழித்து.

அந்தக் கோடையில் மாணவர்கள் என்ன செய்தார்கள்? வீர சாகசம் ஒன்றுமில்லை. கறுப்பர் வீட்டில் தங்கினார்கள். காலையில் எழுந்து வெயிலில் திண்ணை திண்ணையாகப் போனார்கள். நூறு வீட்டில் தொண்ணூறு வீடு கதவைச் சாத்தும். மறுநாள் திரும்பவும் போனார்கள். 21 கேள்விப் படிவத்தை வைத்துக்கொண்டு மண்ணெண்ணெய் விளக்கில் எழுதிப் பழக்கினார்கள். ஹாவர்டு பல்கலைக்கழக மாணவர் சார்லி காப் சொன்ன யோசனையில் 41 சுதந்திரப் பள்ளிகள் நடந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், கூடவே பெரியவர்கள், கறுப்பர் வரலாறும் அரசியல் சட்டமும் படித்தார்கள். 37 கோயில்கள் எரிக்கப்பட்டன அல்லது குண்டு வைக்கப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

பலன்? சுமார் 17,000 கறுப்பர்கள் பேர் சேர்க்க அலுவலகம் போனார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டது சுமார் 1,600 பேர்.

பத்தில் ஒன்பது தோல்வி. கணக்குப் பிள்ளை இதைப் பார்த்தால் திட்டம் நஷ்டம் என்பான். ஆனால் 17,000 பேர் அந்தப் படியில் ஏறினார்கள். அந்த மாநிலத்தில் அதுவரை அப்படி ஏறியதே கிடையாது. தள்ளுபடி ஆன ஒவ்வொரு படிவமும் சாட்சியாக மாறியது.

உண்மையான கட்சியில் சேர்க்காததால் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி என்று தனியாகக் கட்சி கட்டி, 68 பிரதிநிதிகளை ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு அனுப்பினார்கள். 22ஆம் தேதி ஹேமர் சாட்சி சொன்னபோது, ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டிப் படக்கருவிகளைத் தன் பக்கம் திருப்பினார். ராத்திரிச் செய்தியில் அந்த அம்மாவின் பேச்சு எப்படியும் நாடு முழுக்கப் போய்விட்டது. கடைசியில் இரண்டு இடம் தருகிறோம் என்றார்கள். யார் அந்த இருவர் என்றும் அவர்களே சொன்னார்கள். படித்த, பெரிய தலைவர்கள் பலரும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பருத்தி பொறுக்கிய ஹேமரும் அவர் கூட வந்தவர்களும் மாட்டோம் என்று திரும்பினார்கள்.

1965 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. 1967க்குள் மிசிசிப்பியில் பட்டியலில் ஏறிய கறுப்பர் 6.7 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட 60 சதவீதம் ஆனார்கள்.

5

இப்போது சிறுத்தைக்கு வருகிறேன்.

பக்கத்து மாநிலம் அலபாமா. லவுண்டஸ் மாவட்டம். அங்கே பத்துப் பேரில் எட்டுப் பேர் கறுப்பர். 1965 தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. ஹாவர்டில் படித்த ஸ்டோக்லி கார்மைக்கேலும் ஸ்நிக் தோழர்களும் அங்கே போனார்கள். அவர்கள் போவதற்கு முன்பே ஜான் ஹ்யூலெட் என்ற உள்ளூர்க்காரர் ஆட்களைத் திரட்டத் தொடங்கியிருந்தார். அந்த ஆகஸ்டில் ஜோனதன் டேனியல்ஸ் என்ற வெள்ளை இறையியல் மாணவர், தன்னோடு வந்த ரூபி சேல்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பு மாணவியைத் தள்ளிவிட்டுத் தான் குண்டை வாங்கிக்கொண்டு செத்தார். சுட்டவனை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது. பேர் பதிந்த குத்தகை விவசாயிகளைப் பண்ணைகளிலிருந்து விரட்டினார்கள். அந்தக் குடும்பங்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் அடித்துக் குழந்தை குட்டிகளோடு இரண்டு வருஷத்துக்கு மேல் கிடந்தன.

பேர் ஏறியாகிவிட்டது, யாருக்கு ஓட்டுப் போடுவது? அலபாமா ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். நீண்டகாலம் அதன் மேல் வெள்ளையர் மேலாண்மை என்றே எழுதியிருந்தது. அதற்கா குத்துவது? லவுண்டஸ் மக்கள் சொந்தக் கட்சி தொடங்கினார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் நிறையப் பேர் என்பதால் அந்த மாநிலத்தில் ஒவ்வொரு கட்சிக்கும் படச் சின்னம் வேண்டும். ஸ்நிக் தோழர் ரூத் ஹவார்ட் முதலில் ஒரு புறாவைக் கொண்டுவந்தார். வேண்டாம் என்றார்கள். பிறகு அட்லாண்டாவில் கறுப்பர் படிக்கும் கிளார்க் கல்லூரியின் விளையாட்டு அணிச் சின்னம் அவருக்கு ஞாபகம் வந்தது. அது சிறுத்தை.

இப்படித்தான் கல்லூரி மைதானத்தில் இருந்த சிறுத்தை வாக்குச்சீட்டுக்கு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத குத்தகை விவசாயி எங்கே முத்திரை வைப்பது என்று தெரிந்துகொள்வதற்காக.

அங்கே போன மாணவர்கள் செய்த வேலையையும் கவனியுங்கள். ஷெரீப் என்றால் யார், அவனுக்கு என்ன அதிகாரம், வரி மதிப்பீட்டாளர் என்ன செய்வார், பள்ளிக் குழு என்ன செய்யும் என்று படக்கதைப் புத்தகம் போட்டுக் கொடுத்தார்கள். தலைவர் படம் போட்ட சுவரொட்டியைவிட அது முக்கியம். பதவி என்னவென்று தெரிந்தால்தானே, அதில் நான் ஏன் உட்காரக் கூடாது என்ற கேள்வி வரும். 1966 மே 3ஆம் தேதி சுமார் 900 பேர் கோயில் முன்னால் கூடித் தங்கள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நவம்பரில் தேர்தல். ஏழு இடத்திலும் தோல்வி. பண்ணைக்காரர்கள் தங்கள் கூலியாட்களை லாரியில் ஏற்றிவந்து சேவலுக்குக் குத்த வைத்தார்கள். நம்ம ஊரில் டிராக்டரில் ஏற்றிப் போவார்களே, அதேதான்.

தோல்விக்கு ஒரு மாதம் முன்னால்தான், 1966 அக்டோபரில், ஓக்லாந்தில் ஹியூ நியூட்டனும் பாபி சீலும் அந்தச் சிறுத்தையை எடுத்துக்கொண்டார்கள். நாம் படத்தில் பார்ப்பது அவர்களை. லவுண்டஸை யாரும் படம் எடுத்து ஒட்டவில்லை. ஆனால் அங்கே வேலை நிற்கவில்லை. 1970இல் ஜான் ஹ்யூலெட் அதே மாவட்டத்தின் ஷெரீப் ஆனார். தன் மக்களை அடித்து உள்ளே தள்ளிய அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

6

ஓக்லாந்திலிருந்து சிறுத்தை பம்பாய்க்கு வந்தது. 1972இல் நாம்தேவ் தசல், ஜே.வி. பவார், ராஜா தாலே முதலியோர் தலித் பேந்தர்ஸ் தொடங்கினார்கள். 1974 ஜனவரியில் பம்பாய் நாடாளுமன்ற இடைத்தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். ஒர்லியில் கலவரம், தலித் இளைஞர் பகவத் ஜாதவ் உயிர் போனது. ஆளுங்கட்சி தோற்றது. மதுரையில் மலைச்சாமி 1982இல் அந்த இயக்கத்தைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார். 1990இல் திருமாவளவன் தலைமை ஏற்றார். 1999வரை தேர்தல் புறக்கணிப்பு.

புறக்கணிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதுவும் தேர்தல் வேலைதான். வீடு வீடாகப் போகாமல் புறக்கணிப்பும் நடக்காது. விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஓட்டுக்குப் போகாமல் இருப்பதற்குப் புறக்கணிப்பு என்று பேர் வைக்காதீர்கள். அதுக்குப் பேர் வேற.

1999இல் திருமாவளவன் அரசு வேலையை விட்டுவிட்டுச் சிதம்பரத்தில் நின்றார். வாக்குப்பதிவு நாளில் சேரிகளில் குடிசைகள் எரிந்தன. பலரை ஓட்டுச்சாவடிக்கே விடவில்லை. அப்படியும் இரண்டேகால் லட்சம் வாக்குகள் விழுந்தன. தோற்றார். அதே தொகுதியில் 2019இல் அவர் ஜெயித்தது 3,219 வாக்கில். ஒரு மாவட்டத்து விடுதிப் பிள்ளைகளும் அவர்கள் வீட்டு ஆட்களும் சேர்ந்தால் அந்த எண்ணிக்கை வந்துவிடும். லவுண்டஸில் சிறுத்தையே சின்னம். இங்கே சிறுத்தைகளுக்குச் சின்னம் பானை. அதுவும் எழுத்துத் தெரியாத ஆயா அடையாளம் கண்டுகொள்ளும் சின்னம்தான்.

சீட்டுக்கு என்ன விலை என்று மேலவளவுக்குத் தெரியும். 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்று ஜெயித்த முருகேசனையும் கூட இருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30ஆம் தேதி வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996 முதல் 2006 வரை பத்து வருஷம் அந்தத் தேர்தலையே நடக்க விடவில்லை. ஓட்டில் ஒன்றுமில்லை என்றால் இவ்வளவு ரத்தம் எதற்கு? ஒன்றுமில்லாத பொருளுக்கு எவனும் காவல் நிற்க மாட்டான்.

1919 ஜனவரியில், கல்லூரிப் பேராசிரியராகச் சேர்ந்து சில மாதமே ஆன 27 வயது அம்பேத்கர், சவுத்பரோ குழு முன்னால் போய்த் தீண்டப்படாதவர்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்றார். 1928இல் சைமன் குழு முன்னால் வயதுவந்த எல்லாருக்கும் ஓட்டு கேட்டார். எழுத்தறிவில்லாதவனுக்கு ஓட்டு எதற்கு என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. அந்த ஓட்டு வந்த பிறகு 1952இல் பம்பாயில் தோற்றார், 1954இல் பண்டாராவில் தோற்றார். தோற்றதால் ஓட்டு வீண் என்று அவர் சொன்னதாக நான் எங்கேயும் படித்ததில்லை.

7

பல்கலைக்கழகத் தோழர்களுக்கு மிசிசிப்பியிலிருந்து நான் எடுத்துக்கொண்டது மூன்று.

ஒன்று, தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் பறையடிக்க வருவதில் பெரிசாக ஒன்றுமில்லை. பட்டியல் திருத்தும் மாதத்தில் வாங்க. நம்மாளுங்க ஓட்டு பெட்டியில் தோற்பதற்கு முன்னால் பட்டியலில் தோற்கிறது. செங்கல் சூளைக்கும் திருப்பூருக்கும் கரும்பு வெட்டவும் போன குடும்பத்தின் வீடு பூட்டியிருக்கும். ஆள் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

இரண்டு, காலனியில் ஏற்கனவே வேலை செய்கிற ஆளை முதலில் தேடுங்க. அம்சி மூர் எல்லாச் சேரியிலும் ஒருத்தர் இருக்கிறார், ஒரு அக்காவாவது இருக்கும். அவர் சொல்வதைச் செய்யுங்க. மைக் உங்க கைக்கு வந்தால் திருப்பிக் கொடுங்க. நீங்க பஸ் ஏறின பிறகு அடி வாங்கப் போவது அவங்க. தேர்தல் முடிந்த மறுவாரமும் ஒரு தடவை போய்ப் பாருங்க.

மூன்று, தலித் அல்லாத தோழர்களுக்கு. 1966 இறுதியில் ஸ்நிக் தன் வெள்ளை ஊழியர்களை வெளியே போகச் சொன்னது. உங்க வெள்ளையர் மத்தியில் போய் வேலை செய்யுங்க என்பது அதன் வாதம். அது அநியாயம் என்று இன்றுவரை வருத்தப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. சேரிக்கு வந்து எங்களோடு கஞ்சி குடிக்கிறீங்க, சந்தோஷம். ஊர்த்தெருவில், உங்க அப்பாவிடம், மாமாவிடம், தலித் வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்டீங்களா? அந்தத் திண்ணைக்கு எங்களால் போக முடியாது.

வென்ற சட்டமும் நிரந்தரமில்லை. 1965 சட்டத்தின் முக்கியமான பிரிவு ஒன்றை 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி வீடு வீடாகப் போக வேண்டியிருக்கிறது.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தது. வீட்டுக்கு வீடு படிவம். பழைய பட்டியலில் உன் பேர் எங்கே, இல்லையென்றால் அப்பா அம்மா பேர் எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் என்று கேட்டது. மிசிசிப்பியின் 21 கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது. விடுதிக்குப் போன் போட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். அந்த ஆராய்ச்சி மாணவரும் வந்தார். காலனியில் இரவுப்பள்ளி நடத்தும் அக்கா ஒருவர் தெருவைப் பிரித்துக் கொடுத்தார்.

கடைசி வீட்டில் ஒரு ஆயா. பட்டியலில் புருஷன் பேர் தப்பு, வயசு தப்பு. நம்ம ஆராய்ச்சி மாணவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பழைய பட்டியலைப் போனில் தேடி, வரிசை எண்ணைக் கண்டுபிடித்து, படிவத்தைப் பொறுமையாக நிரப்பினார். பழக்கதோஷம், எழுதிக்கொண்டே அரசியல் பேச ஆரம்பித்தார். ஆயா கையைக் காட்டி நிறுத்திச்சு.

"யாருக்குப் போடணும்னு எனக்குத் தெரியும்டா சாமி. எம் பேரு இருக்குதான்னு மட்டும் பாரு."

அவர் தலையைக் குனிந்துகொண்டு எழுத்துக்கூட்டி அந்தப் பேரை எழுதினார்.